கொல்லையில் பாதாள அறை

கேள்வி: என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்ததிலிருந்து யூடியூபே கதியென்று கிடக்கிறார். ராத்திரி 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். "தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் அணுகுண்டு விழுந்தால் நாம காலி" என்று கொல்லையில் பாதாள அறை வெட்ட ஆளைக் கூட்டிவந்துவிட்டார். 4 லட்சம் ஆகுமாம். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணம். எங்களுடையது முற்றம் வைத்த ஓட்டு வீடு. பக்கத்தில் பங்காளியின் மாடி வீடு. வரப்புத் தகராறில் 3 வருஷமாகப் பேச்சு இல்லை. இவர் பயம் நியாயமா? அப்படி ஒன்று நடந்தால் பிழைக்க வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீடாமங்கலம் அருகில்.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தக் குழி வெட்டுகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். வெண்ணாறு பக்கத்தில் ஓடுகிற ஊரில் எட்டடி தோண்டினால் ஐப்பசியில் என்ன ஆகும்? அறை இருக்காது, கிணறுதான் இருக்கும். அணுகுண்டுக்குத் தப்பித் தண்ணீரில் போவதா?

ஆனால் அவர் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச் 9 அன்று நம் நாட்டு ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை, அந்தப் பக்கமும் நிதானமாக இருந்தார்கள். 1983 செப்டம்பரில் சோவியத் அதிகாரி பெத்ரோவின் திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. மேகத்தில் பட்ட வெயிலைச் செயற்கைக்கோள் அப்படிப் புரிந்துகொண்டிருந்தது. மனுஷர் நம்பவில்லை, உலகம் பிழைத்தது. இன்னொரு பக்கமும் உண்டு. முதலில் அணுகுண்டைப் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் அறிவித்த கொள்கை. 1988 ஒப்பந்தப்படி இரு நாடுகளும் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன, ஒருவர் நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று.

அப்படியென்றால் அணுப்போர் வர வாய்ப்பு எத்தனை சதவீதம்? துல்லியமாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒரு பேச்சுக்கு வருஷத்துக்கு நூற்றில் ஒன்று என்று வைத்தால், இந்த வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இன்று பிறக்கிற குழந்தை 70 வயதைத் தொடுவதற்குள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பாகிவிடுகிறது. (இந்தக் கணக்கை அவரிடம் இப்போது சொல்லாதீர்கள்.)

தஞ்சாவூர் விஷயம். அங்கே 2020 முதல் சுகோய் போர் விமானப் பிரிவு இருப்பது உண்மை. ஆகவே குறி வைக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஹிரோஷிமாவில் விழுந்த அளவுக் குண்டு என்றால் கடும் அழிவு சுமார் 2 கிலோமீட்டர் வட்டத்துக்குள். நீங்கள் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சுவர் விழாது. உங்களைத் தேடி வரக்கூடியது கதிர்வீச்சுத் தூசி. ஆடிக் காற்று தஞ்சாவூரிலிருந்து உங்கள் பக்கம்தான் அடிக்கும். மார்கழி வாடை எதிர்ப்பக்கம் தள்ளும். மேலே வேறு காற்றும் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அந்தத் தூசிக்கு ஒரு நல்ல குணம் உண்டு, வேகமாக வீரியம் இழக்கும். வெடித்து 1 மணி நேரத்தில் ஆயிரம் என்று இருந்தால் 7 மணி நேரத்தில் நூறு, 2 நாளில் பத்து, 2 வாரத்தில் ஒன்று. அதனால் முதல் ஒரு நாள், முடிந்தால் இரண்டு மூன்று நாள் கனமான சுவருக்குள் இருந்துவிட்டாலே பெரும்பகுதி தப்பியாயிற்று. வெளியே இருந்து வந்தால் உடுத்தியதைக் கழற்றி வெளியிலேயே போட்டுவிட்டு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், தோல் உரியத் தேய்க்காமல்.

உங்கள் வீட்டில் சிக்கல் முற்றம்தான். காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று தாத்தா வைத்த முற்றத்தில் தூசியும் நேராக இறங்கும். ஓட்டுக் கூரையும் கதிர்வீச்சை அவ்வளவாகத் தடுக்காது. நெல் மூட்டைகளை உள்ளறைச் சுவரோரம் அடுக்கி நடுவில் உட்காரலாம், கனமான எதுவும் கொஞ்சம் கவசம்தான். ஆனால் இருப்பதிலேயே நல்ல இடம் பங்காளி மாடி வீட்டின் கீழ்த்தளத்து நடு அறை. அதற்கு 4 லட்சம் வேண்டாம். ஒரு சொம்பு மோர் போதும், யார் முதலில் கொண்டுபோவது என்பதுதான் கஷ்டம்.

மாடு இருந்தால் வைக்கோல் போரைத் தார்ப்பாயால் மூடுங்கள். தூசி படிந்த புல்லை மேய்ந்த மாட்டின் பாலில் கதிரியக்க அயோடின் வரும், குழந்தைகளுக்குச் சில வாரம் கொடுக்கக் கூடாது. அயோடின் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாரா? அது தைராய்டை மட்டும் காக்கும், டாக்டர் சொல்லாமல் போடக் கூடாது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். குண்டு டெல்லியிலோ கராச்சியிலோ விழுந்தாலும் டெல்டா தப்பாது. நகரங்கள் எரிந்த கரும்புகை மழை மேகத்துக்கும் மேலே போய்விட்டால் கழுவ மழை இல்லை, வருஷக்கணக்கில் நின்று வெயிலை மறைக்கும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் மறு வருஷம் அமெரிக்காவில் ஜூன் மாதம் உறைபனி விழுந்து பயிர் கருகியது. இந்தியா–பாகிஸ்தான் அணுப்போர் நடந்தால் உலகத்தில் 200 கோடிக்கு மேல் பட்டினியில் சாகக்கூடும் என்றது 2022இல் வந்த ஓர் ஆய்வு. பருவமழை பலவீனப்படும் என்றும் கணினிக் கணக்குகள் காட்டுகின்றன. குடகில் மழை இல்லையென்றால் மேட்டூரில் ஜூன் 12க்கு என்ன திறப்பது? யூரியாவும் டீசலும் வராத வருஷத்தில் சம்பா என்ன ஆகும்?

அவர் உண்மையிலேயே தயாராக விரும்பினால் பத்தாயத்தில் ஒரு வருஷத்து நெல், அதற்குமேல் விதைநெல். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பரப்பிய பாரம்பரிய ரகங்களில் யூரியா கேட்காத மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஒன்றைக் கால் ஏக்கரில் போட்டுப் பழகச் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கரண்டு இல்லாமல் டெல்டா கிராமங்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குத் திண்டாடின. அடிபம்பு இருந்த வீட்டு வாசலில் குடங்கள் வரிசை கட்டின. அடிபம்பின் மூடிய குழாய்த் தண்ணீரில் கதிர்வீச்சுத் தூசியும் லேசில் கலக்காது. திறந்த கிணறும் குளமும் அப்படியில்லை.

தூக்கம் இல்லாததைத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம், அரசு மருத்துவமனையிலும் காட்டலாம். ராத்திரி போன் உங்கள் தலையணைக்கடியில் இருக்கட்டும். பகலில் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கொல்லையில் அடிபம்பு இருக்குமே? தோல் வாஷர் தேய்ந்து எத்தனை வருஷமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அடிக்கிறீர்கள்? வாஷர் மாற்ற ஸ்பானர் வேண்டும். பங்காளி வீட்டில் இருந்தால் அவரையே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.