கடுகுக் காரம் கோசுப் புழுவை ஏன் ஒன்றும் செய்வதில்லை?

கேள்வி: பெங்களூரு ஹொசகோட்டை பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து முட்டைக்கோஸ் நட்டு ஒரு மாதம் ஆகிறது. இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. சின்னப் பச்சைப் புழு, தொட்டால் துள்ளி நூலில் தொங்குகிறது. கடையில் கொடுத்த ஒரே மருந்தை நான்கு தடவை அடித்தும் அடங்கவில்லை. காரத்துக்குப் பூச்சி ஓடும் என்று வீட்டில் சொன்னதால் ஓரத்தில் கடுகு விதைத்தோம், கடுகை அரைத்துக் கரைத்தும் தெளித்தோம். இப்போது கடுகுச் செடியில்தான் புழு அதிகம். பிடுங்கி எறிந்துவிடலாமா ஐயா? வேப்பங்கொட்டைச் சாறு அடித்தால் அதுவும் பழகிப்போய்விடுமா?

பதில்: கடுகைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அதிலிருக்கும் அந்துப்பூச்சி அத்தனையும் கோசுக்கு வந்துவிடும். தெரியாமல் செய்திருந்தாலும் நீங்கள் நல்ல வேலைதான் செய்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. முழுக் கடுகை வாயில் போட்டால் காரம் தெரியாது, அரைத்துத் தண்ணீர் பட்டதும்தான் மூக்கில் ஏறும், இல்லையா? கடுகு, கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் இலையில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஒரு பக்கமும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறு பக்கமும் தனித்தனியாக இருக்கின்றன. பூச்சி கடித்ததும் இரண்டும் கலந்து காரமான விஷம் பிறக்கிறது. பெரும்பாலான பூச்சிகளை விரட்ட இதுவே போதும்.

ஆனால் இந்தப் புழுவின் குடலில் வேறொரு நொதி இருக்கிறது. செடியின் நொதி வேலையைத் தொடங்கும் முன்பே அது குளுக்கோசினோலேட்டிலிருந்து சல்பேட் துண்டைக் கழற்றிவிடுகிறது. அப்புறம் அதிலிருந்து விஷம் உண்டாக வழியில்லை. 2002-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதோடு முடியவில்லை. மற்ற பூச்சிகளை விரட்டும் அந்தக் கடுகு வாசனையைப் பிடித்துத்தான் தாய் அந்துப்பூச்சி முட்டையிட இடம் தேடுகிறது. நீங்கள் கடுகை அரைத்துத் தெளித்தது அதற்கு அழைப்பு வைத்த மாதிரி. அதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

எருக்கஞ்செடியைப் பாருங்கள், ஆடுகூடத் தொடாது. ஆனால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அந்த எருக்கிலையைத் தின்றே கொழுக்கிறது. எனக்கு எருக்கஞ்செடியைக் கண்டால் நின்று புழு தேடும் வழக்கம் உண்டு, எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு தீரவில்லை.

'பழகிப்போச்சு' என்று நாம் சொல்கிறோமே, அதில் ஒரு திருத்தம். மருந்துக்குப் புழு அடங்காமல் போவது, ஒரு புழு தன் ஆயுளுக்குள் அதற்குப் பழகிக்கொள்வதால் அல்ல. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிறவியிலேயே தாங்கும். மற்றவை சாக, அவை மட்டும் பிழைத்து முட்டையிடும், குஞ்சுகளுக்கும் அந்தத் தன்மை வரும். செடியின் விஷத்தை வெல்ல இந்தப் பூச்சி இனத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்தன. நம் மருந்தை வெல்ல அவ்வளவு காலம் வேண்டியதில்லை. பெங்களூரு வெயிலில் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை வந்துவிடும், கோஸ் இங்கே வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. ஜாவாவில் 1953-லேயே இந்தப் பூச்சி டி.டி.டி-க்கு அடங்கவில்லை. பி.டி. பாக்டீரியா மருந்தை வயல்வெளியில் முதன்முதலாகத் தாங்கிக் காட்டியதும் இதுதான், ஹவாய் தீவில். ஒரே மருந்தை நான்கு தடவை அடித்தபோது, தாங்கும் புழுக்களை நீங்களே பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறீர்கள். ஐந்தாவது தடவை வேண்டாம்.

வேம்பைப் பற்றிக் கேட்டீர்கள், அதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை 40 தலைமுறை வளர்த்துப் பார்த்தார்கள். வேம்பிலிருந்து பிரித்த அசாடிராக்டினை மட்டும் கொடுத்த கூட்டத்துக்கு 9 மடங்கு எதிர்ப்பு வந்துவிட்டது. முழு வேப்பங்கொட்டைச் சாறு பட்ட கூட்டத்துக்கு எதிர்ப்பு வரவில்லை. சாற்றில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன, ஒரே நேரத்தில் அத்தனைக்கும் தப்புவது பூச்சிக்குக் கஷ்டம். அதனால் புட்டியில் வரும் சத்தைவிட, நீங்களே இடித்துப் பிழியும் சாற்றைத்தான் நான் சொல்வேன்.

10 லிட்டருக்கு 400 கிராம் வேப்பம்பருப்பைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, சாறு வழுக்கி ஓடிவிடும், அதனால் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். வெயில் பட்டால் வீரியம் குறையும், சாயங்காலம் அடியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். மறுநாளே புழு செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தின்பது குறையும், தோலுரிக்க முடியாமல் சாகும். 10, 15 நாள் விட்டு மறுபடி அடிக்கலாம்.

இதைக் கோசுக்கு மட்டும் அடியுங்கள், கடுகில் பட வேண்டாம். கோசிலிருந்து விரட்டுவதைக் கடுகு வாங்கிக்கொள்ளட்டும். வாரம் இரண்டு தடவை கடுகைப் பார்த்து, புழு சேர்ந்திருந்தால் அதற்கு மட்டும் பி.டி. தூளைக் கரைத்து அடியுங்கள். சும்மா விட்டால் அதுவே புழுப் பண்ணையாகிவிடும்.

ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறை, 25 வரிசைக் கோசுக்கு ஒரு ஜோடிக் கடுகு வரிசை. முதல் வரிசையை நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பும், இரண்டாவதை நட்ட 25-ஆம் நாளும் விதைக்க வேண்டும். முதல் கடுகு முற்றும்போது இரண்டாவது இளசாக இருக்கும். உங்கள் பயிருக்கு ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால், இரண்டாவது வரிசையை இந்த வாரமே விதைத்துவிடுங்கள்.