ஜெயில் வேலையா, குற்றவியல் ஆராய்ச்சியா? மண்டபம் தம்பிக்கு

தம்பி, மண்டபத்திலிருந்து இங்கிலாந்துக்குக் குற்றவியல் முதுகலை படிக்க வந்திருக்கிறீர்கள். முடித்ததும் சிறை வேலைக்குப் போவதா, நேராக ஆராய்ச்சிக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் பாம்பன்காரி. இங்கே ஆண்கள் சிறையில் பதினோரு வருடம் அலுவலராக இருந்துவிட்டு, இப்போது குற்றவியல் பாடம் எடுக்கிறேன். என்னைக் கேட்டால், முதலில் சாவியைக் கையில் வாங்குங்கள்.

ஒன்று கேட்டால் எரிச்சல் வரும்: இங்கே சிறை அலுவலராகப் பட்டமே தேவையில்லை. சில வாரப் பயிற்சி, அவ்வளவுதான். (நார்வேயில் சம்பளம் கொடுத்து இரண்டு வருடம் படிக்க வைக்கிறார்கள்.) மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பதால் இப்போதைக்கு நடக்காது. படித்து முடித்தபின் விதி எப்படி இருக்கிறது என்று அரசுத் தளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் பேச்சு வேண்டாம்.

உள்ளே போனதும் முதல் பாடம் எண்ணுவது. கணக்கில் ஒரு தலை குறைந்தால் மொத்தச் சிறையும் நின்றுவிடும். வாடைக் காற்றில் போன படகுகளைக் கரையில் நின்று எண்ணுவோமே, அதே பதற்றம். அப்புறம் பேச்சு. 2018-லிருந்து ஓர் அலுவலருக்கு ஆறு கைதிகள் வரை, ஆளுக்கு வாரம் 45 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு. ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டு விழுவதும் அந்த 45 நிமிடத்துக்குத்தான்.

என் சித்தப்பா எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர். சாப்பாடு பற்றியெல்லாம் அதிகம் பேச மாட்டார். "எப்ப விடுவாங்கன்னு கேட்டா வாயே திறக்க மாட்டாங்க தாயி" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். பல வருடம் கழித்து கிரஷாம் சைக்ஸ் என்ற சமூகவியலாளரைப் படித்தேன். அமெரிக்காவின் டிரென்டன் சிறையை வைத்து 1958-ல் அவர் எழுதிய, கைதிகளுக்கு நேரும் ஐந்து இழப்புகளில் ஒன்று, தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க முடியாமல் போவது. கைதிக்குக் காரணம் சொல்லாமல் விடுவதையும் அதில்தான் சேர்க்கிறார். சித்தப்பாவால் அது எனக்கு உடனே பிடிபட்டது. ஆனால் என் விங்கில் (சிறையின் ஒரு பகுதி) இருந்த கைதி ஒருவன், "மிஸ், என் மனு என்னாச்சு?" என்று கேட்டபோது, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவளும் நான்தான். நாலு கதவைப் பூட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. இதை எந்த வகுப்பும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், இங்கத்திப் பட்டத்தைப் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள். சிறைக் காவலருக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், உதவி ஜெயிலருக்கு டிஎன்பிஎஸ்சி, இரண்டுக்கும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆய்வுக்கு இங்கத்திச் சிறைக்குள் நுழைய, சிறைத்துறையின் தேசிய ஆராய்ச்சிக் குழு ஒப்புதல் தர வேண்டும், பொறுமை வேண்டும். அதுவரை, லீவில் ஊருக்குப் போகும்போது அக்கரைச் சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களோடு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.