ரீ: நன்றி டைரி எழுத வச்சும் ஸ்கோர் நகரல, தலைப்ப மாத்தவா?

ஒரு வாரம் பசங்கள நன்றி டைரி எழுத வச்சும் உளவியலாளர் எட் டீனரோட வாழ்க்கைத் திருப்தி ஃபார்ம்ல ஸ்கோர் நகரவே இல்லன்னு கவலப்படுறீங்க, ஆய்வுத் தலைப்ப எல்லாம் மாத்திடாதீங்க ப்ளீஸ். அந்த ஃபார்ம்ல உள்ள 5 கேள்வியும் மொத்த வாழ்க்கையையும் எடை போடச் சொல்லுது, அதுலயும் கடைசி கேள்வி, மறுபடி வாழ வாய்ப்பு கெடச்சா கிட்டத்தட்ட எதையும் மாத்த மாட்டேன்னு வரும், அதுக்கு 1லேந்து 7 வரைக்கும் உள்ள அளவுல போன வாரம் 3 போட்ட பையன் இந்த வாரம் மட்டும் ஏன் 6 போடப் போறான்? உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் டீம் 2005ல வெளியிட்ட ஆய்வுலயே ஒரு வாரம் தினமும் மூணு நல்ல விஷயம் எழுதினவங்களுக்கு சந்தோஷம் கூடினது ஒரு மாசம் கழிச்சு அளந்தப்பதான் தெரிஞ்சுது. அதனால ஒரு மாசம் விட்டு அதே பசங்களுக்கு, டைரி எழுதாத குரூப் இருந்தா அவங்களுக்கும் சேத்து, மறுபடி ஃபார்ம் குடுங்க. அடுத்த பேட்ச் எடுக்குறீங்கன்னா ஆரம்பத்துலயே பனாஸையும் (நல்ல உணர்ச்சி, கெட்ட உணர்ச்சி ரெண்டையும் அளக்குற ஃபார்ம்) சேத்துக்கோங்க, 20 உணர்ச்சிச் சொல்லுதான், "கடந்த ஒரு வாரத்துல"ன்னு கேக்கலாம்.

எனக்கு இதவிட பெரிய கவலை நீங்க விஐஏ ரிப்போர்ட்ல (ஒருத்தரோட 24 நல்ல குணங்கள அளக்குற டெஸ்ட்) வர்ற 1 டூ 24 ரேங்க்க வச்சு கோரிலேஷன், அதாவது ரெண்டு அளவும் சேந்து ஏறி இறங்குதான்னு பாக்குற கணக்கு, போட்டதுதான். ரேங்க் ஒரே ஆளோட குணங்களுக்குள்ள உள்ள வரிசை, ஆளுக்கு ஆள் ஒப்பிட ஆகாது. ஒரு பொண்ணுக்கு நன்றியுணர்வு சராசரி 4.2, ஆனா மத்தது எல்லாமே அவளுக்கு உசரமா இருக்குறதால 9வது இடம்னு வைங்க, இன்னொரு பையனுக்கு வெறும் 3.6, ஆனா முதல் இடம், ரேங்க் படி பாத்தா அவனுக்குத்தான் நன்றி அதிகம்னு ஆயிடும். ஒவ்வொரு குணத்துக்கும் சராசரி ஸ்கோர எடுத்து திரும்ப ஓட்டிப் பாருங்க, அந்த டேபிள இங்க போட்டா நானும் பாக்குறேன்.