கட்டி முடித்த கடனுக்கு மறுபடி நோட்டீஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். "கடனைக் கட்டியாச்சுங்க, பேங்க்ல இன்னும் பாக்கி இருக்குன்னு சொல்றாங்க." பல்லடம், கோபி, பொள்ளாச்சி, கரூர் என்று ஊர்தான் மாறுகிறது. வங்கிக் கிளையில் இருந்த காலத்தில் இதே மாதிரி நோட்டீஸ்களில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: மேலாளரிடம் போய்ச் சத்தம் போட்டால் அவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார், பாக்கி ஒரு ரூபாய் குறையாது. கணக்கு ஏடு உங்கள் கைக்கு வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

ஊர் தவிர மற்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பல்லடம் வாசகர்: விசைத்தறிக்காக 2013-ல் கடன் வாங்கினேன். அடமானம் ஏதும் இல்லை. நடுவில் ஒன்றரை வருசம் தறி சரியாக ஓடவில்லை, தவணை நின்றுபோனது. 2018-ல் பாஸ்புத்தகத்தில் காட்டிய பாக்கி 1,12,000 ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டேன். நோ டியூ (பாக்கி இல்லை என்ற சான்று) கேட்டதற்கு, "சிஸ்டத்தில் குளோஸ் ஆகட்டும், அப்புறம் வாங்கிக்கங்க" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். இப்போது 2,40,000 பாக்கி என்று வக்கீல் நோட்டீஸ். செலான் இருக்கிறது. என்ன செய்வது?

அந்த ஒன்றரை வருசத்தில்தான் விசயம் இருக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு வட்டியை உங்கள் கணக்கில் பற்று வைக்க மாட்டார்கள். தனியாக ஒரு குறிப்பில் ஏற்றிக்கொண்டே போவார்கள். பாஸ்புத்தகம் காட்டுவது அந்த வட்டி சேராத தொகை. நீங்கள் அதைக் கட்டிவிட்டு முடிந்தது என்று வீட்டுக்கு வந்தீர்கள், வங்கியோ ஓரமாக வைத்திருந்த வட்டியை எடுத்து முன்னால் வைக்கிறது. நான் பார்த்த "கட்டிய பிறகும் பாக்கி" தகராறுகளில் பெரும்பகுதி இப்படித்தான் பிறந்தது. மிச்சம், கணக்கு முடிந்த பின் ஏறிய காப்பீட்டுப் பிரீமியம், ஆய்வுக் கட்டணம் மாதிரிச் சில்லறைப் பற்றுகள்.

எனவே நோட்டீஸ் முழுக்கப் பொய் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிட வேண்டாம். ஒப்பந்தப்படி வட்டி கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. எந்த விகிதத்தில், எந்தத் தேதி வரை, எதன் மேல் என்று காட்டும் கடமையும் வங்கிக்குத்தான். பதில் கடிதத்தில் மூன்று கேளுங்கள்: கடன் கொடுத்த நாளில் இருந்து முழு லெட்ஜர், வாராக் கடன் ஆன பிறகு தனியாக ஏற்றிய வட்டியின் கணக்குத்தாள், 2018-க்குப் பிறகு வைத்த ஒவ்வொரு பற்றுக்கும் காரணம். அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கும் வட்டி போடும் பழைய பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு சுற்றறிக்கையில் தடுத்திருக்கிறது. பழைய கடன்களும் 2024 ஜூன் 30-க்குள் இந்த முறைக்கு மாறியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அப்படி ஏறியிருந்தால் அந்தப் பகுதியை அடித்துக் கேட்கலாம். பொதுத்துறை வங்கி என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்திலும் உங்கள் கணக்கைக் கேட்கலாம். தனியார் வங்கிக்கு அந்த வழி இல்லை.

அடுத்தது காலவரம்பு. அடமானம் இல்லாத பணக்கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான். கொரோனாவுக்காக 15-3-2020 முதல் 28-2-2022 வரையான நாட்களை உச்ச நீதிமன்றம் விலக்கிக் கொடுத்தது. அதைக் கழித்தாலும் 2018-ல் கடைசியாகப் பணம் கட்டிய கடனுக்குக் காலம் தாண்டியிருக்க வேண்டும். அடமானம் இருந்திருந்தால் 12 ஆண்டு, கதையே வேறு.

ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கெடு முடிவதற்குள் "பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அதில் ஒரு பகுதியை எழுத்துமூலமாகக் கட்டினாலோ மூன்று ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடும். கெடு முடிந்த பிறகும் "கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அதுவே புது ஒப்பந்தம். "சும்மா ஒரு பேலன்ஸ் கன்பர்மேஷன் சார், கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டும் தாள் சும்மா நீட்டப்படுவதில்லை. "ஒரு ஐயாயிரம் கட்டுங்க, மீதியைப் பேசிக்கலாம்" என்பதும் அதே வேலைதான். 2018-க்குப் பிறகு நீங்கள் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பதில் நோட்டீஸிலும் "வட்டியைக் குறைத்தால் கட்டத் தயார்" என்ற வரி வரக்கூடாது. தொகையை மறுக்கிறேன், இந்தத் தேதியில் இந்தச் செலானில் கட்டினேன், ஆவணங்களை அனுப்புங்கள். அதோடு நிறுத்துங்கள்.

அப்புறம் அந்தச் செலானை முதலில் நகல் எடுங்கள். இயந்திரத்தில் அடித்துத் தரும் ரசீதில் எழுத்து வெயில் பட்ட சாயத் துணி மாதிரி வெளுத்துவிடும். கட்டியதை நிரூபிக்கும் பொறுப்பு நீதிமன்றத்தில் கட்டியவர் மேல்தான் விழுகிறது.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: ஒரே கிளையில் மஞ்சளுக்கு ஒரு பயிர்க்கடன், சொட்டுநீருக்கு ஒரு கடன். மஞ்சள் விற்ற பணத்தில் பயிர்க்கடனை முடிக்கச் சொல்லிக் கட்டினேன். அவர்கள் சொட்டுநீர்க் கடனில் வரவு வைத்துவிட்டு, பயிர்க்கடன் அப்படியே நிற்கிறது என்கிறார்கள்.

இதில் சட்டம் உங்கள் பக்கம், நீங்கள் சொன்னதற்கு ஆதாரம் இருந்தால். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 59-வது பிரிவு: பல கடன் உள்ளவர், இந்தப் பணம் இந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்து, வாங்குபவர் வாங்கிக்கொண்டால் அதிலேதான் வரவு வைக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் கட்டினால் எதில் வைப்பது என்பது வங்கியின் விருப்பம். அதை 60-வது பிரிவு சொல்கிறது. ஆகவே செலானில் எந்தக் கணக்கு எண் எழுதினீர்கள் என்று பாருங்கள். உங்கள் கையால் பயிர்க்கடன் எண் எழுதியிருந்தால், கட்டிய தேதியிட்டே வரவை மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். தேதி முக்கியம். பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் 3 சதவீதம் மானியமாகக் கழியும். இன்றைய தேதியில் மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும்.

எண் எழுதாமல் கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான்.

பொள்ளாச்சி வாசகி: நகைக்கடன் அசலும் வட்டியும் முழுக்கக் கட்டிவிட்டேன். நகையைத் திருப்பப் போனால், என் வீட்டுக்காரர் பங்காளிக்கு டிராக்டர் கடன் வாங்கியபோது நானும் ஜாமீன் போட்டிருக்கிறேனாம், அது நிற்பதால் தர மாட்டோம் என்கிறார்கள்.

நகைக்கடன் பாக்கி இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள். வேறு கடனுக்காகப் பிடித்து வைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவு வங்கிக்குப் பொதுப் பிடிப்புரிமை கொடுக்கிறது. 174-வது பிரிவோ, ஒப்பந்தம் இல்லாமல் ஒரு கடனுக்கு வைத்த அடகை வேறு கடனுக்காக வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. இந்த இடுக்கை அடைக்கத்தான் நகைக்கடன் படிவத்தில் பொடி எழுத்தில் "எனது எல்லாக் கடன்களுக்கும்" என்று ஒரு வரி போடுகிறார்கள். உங்கள் படிவத்தின் நகலை வாங்கி, அதில் ஜாமீன் பொறுப்பும் சேருமா என்று பாருங்கள். டிராக்டர் கடனுக்கு ஜாமீன்தாரர் என்று உங்களுக்கு இதுவரை நோட்டீஸ் ஏதாவது வந்ததா, அந்தக் கடன் காலவரம்புக்குள் இருக்கிறதா என்பதும் தேவை.

எந்தப் பிரிவில் பிடித்து வைக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் நகை வெளியே வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கறாராக எழுதித் தந்தால் வக்கீலைப் பாருங்கள். வழக்குக்கு வழக்கு முடிவு மாறுகிற இடம் இது, நான் ஆசை காட்ட மாட்டேன்.

கரூர் வாசகர்: வீட்டுப் பத்திரம் வைத்து வாங்கிய கடன். கொஞ்சம்தான் மீதி என்பது என் கணக்கு. வங்கி பெரிய தொகை போட்டு சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

சர்ஃபேசி என்பது நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம். 60 நாளைக் கடத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கை வைத்து ஆட்சேபணை எழுதி, ஒப்புகை வரும்படி அனுப்புங்கள். அதற்கு 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வங்கி கடமைப்பட்டது. பதிலே இல்லாமல் சுவாதீன நோட்டீஸ் (சொத்தை எடுத்துக்கொண்டோம் என்ற அறிவிப்பு) ஒட்டினால் அதுவே உங்களுக்கு ஒரு பிடி. அப்படி ஒட்டிய நாளில் இருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் பாக்கி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சட்டத்தில் சொத்தைத் தொடவே முடியாது. விவசாய நிலத்தையும் தொட முடியாது. வங்கி சாதாரண வழக்குத்தான் போட வேண்டும்.

காங்கயம் வாசகர்: கூட்டுறவு சங்கத்தில் என் பயிர்க்கடன் 2021-ல் தள்ளுபடி ஆனது. இப்போது செயலாளர், பாக்கி நிற்கிறது, புதுக்கடன் தர முடியாது என்கிறார்.

2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்த தள்ளுபடி 31-1-2021 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடனுக்கு. 12,110 கோடி ரூபாய், 16.43 லட்சம் விவசாயிகள். மாட்டுக்கடன் மாதிரியானவை இதில் வராது. அதே ஆண்டு பின்னால் வந்த ஐந்து பவுன் வரையான நகைக்கடன் தள்ளுபடி தனிக்கதை. ஆக, செயலாளர் காட்டுவது எந்தக் கடன், எந்தத் தேதியில் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். தள்ளுபடிச் சான்று கையில் இருந்தால் அந்தக் கடன் எண்ணோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வாங்கவே வாங்காத கடன் உங்கள் பெயரில் நின்றால், கடன் மனுவிலும் பணம் பெற்ற சீட்டிலும் உள்ள கையெழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வங்கி மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் இதில் வர மாட்டார், தொடக்க வேளாண்மைச் சங்கம் அவர் எல்லைக்கு வெளியே. மாவட்டத் துணைப்பதிவாளரிடம் மனு கொடுங்கள். 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90-வது பிரிவில் இது "தாவா"வாகப் போகும். முதல்வர் உதவி மைய எண் 1100-க்கும் ஒரு போன் போட்டு மனு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், செயலாளருக்கு மேலே இருந்து ஒரு கேள்வி வரட்டும்.

அவிநாசி வாசகர்: வண்டிக்கடன் முடிந்து நோ டியூவும் வாங்கியாச்சு. என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் மட்டும் இன்னும் பாக்கி.

இருப்பதிலேயே சுலபமானது உங்களுடையது. சிபில் தளத்திலேயே ஆட்சேபணை பதிந்து, நோ டியூ நகலோடு வங்கிக்கும் மெயில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு, 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறை. சிபில் போக இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை தர வேண்டும். நான்கையும் பாருங்கள். "குளோஸ்டு" என்று வர வேண்டும், "செட்டில்டு" என்று வந்தால் மறுபடி எழுதுங்கள். அது தொகையைக் குறைத்துப் பேசி முடித்ததைக் குறிக்கும் சொல், முழுக்கக் கட்டியவருக்குப் பொருந்தாது, அடுத்த கடனுக்கும் தடை. ஆர்.சி. புத்தகத்தில் வங்கி பெயரை நீக்க 35-ம் எண் படிவத்தையும் மறக்காமல் வாங்குங்கள்.

ஈரோடு வாசகி: வீட்டுக்கடன் 2024-ல் முடிந்தது. பத்திரம் தந்துவிட்டார்கள். ஆனால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே இருக்கிறது.

பத்திரம் வைத்தபோது பதிவு செய்த ஒப்படைப்பு ஆவணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடன் அடைந்தது என்று வங்கி இரசீது ஆவணம் பதிந்தால்தான் அது அடங்கும். 1-12-2023 முதல், கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைக் கொடுப்பதோடு பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் தவறால் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். இந்தச் சுற்றறிக்கையின் தேதியை (13-9-2023) குறிப்பிட்டு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448. நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோடு வாசகர்: கட்டிய கடனுக்கு லோக் அதாலத் அழைப்பு வந்திருக்கிறது. போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும் என்று போனில் மிரட்டுகிறார்கள்.

வராது. லோக் அதாலத் சமரச மேடை, போகாததற்காக யாரையும் பிடிக்க முடியாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர்கள் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்ட எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

போவதில் தப்பில்லை, செலானை எடுத்துக்கொண்டு போய் "கட்டிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். பாதித் தொகைக்கு முடித்துத் தருகிறோம் என்று இழுப்பார்கள். அங்கே போட்ட கையெழுத்து தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், 15100.