மீசை மட்டும் அசையட்டும்

கேள்வி: என் பெரியப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்து அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். தோட்ட மண்டபத்தில் விருந்து. லயத்து வாசலில் எடுத்த பழைய குடும்பப் படத்தில் முறுக்கு மீசையோடு நிற்கிறார். அந்த மீசை துள்ளுவதுபோல் செய்து திரையில் காட்ட ஆசை. கைப்பேசிச் செயலியில் போட்டேன், முகம் வேறு யாரோபோல் ஆகிவிட்டது. கணினியில் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை வைத்து முயன்றால் பின்னால் உள்ள கதவு வளைகிறது. அசைவும் வெட்டி வெட்டி வருகிறது. அதே படத்தில் இருக்கும் மறைந்த அப்பாயியையும் சிரிக்க வைக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: செயலியை விட்டுவிடுங்கள், சகோதரி. அது படத்தில் இல்லாத பல்லையும் இமையையும் தானாகக் கற்பனை செய்து வரைகிறது. அதனால்தான் முகம் பெரியப்பாவுடையதாக இல்லை. அவரை நாள்தோறும் பார்த்தவர்கள் நிறைந்த மண்டபத்தில் அந்த வேற்றுமுகம் சிரிப்பை வரவழைக்காது. கிம்ப் இலவசம், இந்த வேலைக்குப் போதும்.

முதலில் நல்ல நகல் வேண்டும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க முடிந்தால் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். குடும்பப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள முகம் அதில் ஏறக்குறைய 236 பிக்சல் வரும்; 300-இல் எடுத்தால் 118 தான், மீசை மங்கிவிடும். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மேல்பூச்சே உரிந்து வரும். ஐந்தடி நடைபாதையில் நிழலில் வைத்து, ஃபிளாஷை அணைத்து, கைப்பேசிக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தபடி எடுங்கள். பளபளப்பு போய்விடும். அந்தக் கோப்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படமாக அனுப்பிக் கணினிக்குக் கொண்டுபோகாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது கேபிளில் ஏற்றுங்கள்.

கிம்பில் பெரியப்பாவின் தலை, தோள் மட்டும் தெரியும்படி வெட்டி, அகலத்தை 640 பிக்சல் ஆக்குங்கள். எல்லாம் ஒரே லேயரில் (அடுக்கில்) இருக்கட்டும். டபிள்யூ விசையை அழுத்தினால் படத்தைத் தள்ளி வளைக்கும் வார்ப் டிரான்ஸ்ஃபார்ம் கருவி வரும்.

கதவு வளைந்ததற்குக் காரணம் தூரிகையின் அளவு. வட்டத்துக்குள் அகப்பட்டதையெல்லாம் அது தள்ளும்; மீசையா கதவு நிலையா என்று அதற்குத் தெரியாது. வட்டம் கன்னத்தின் விளிம்பைத் தாண்டாத அளவுக்கு 'சைஸ்' குறையுங்கள். மீசை நுனியைப்போல் ஒன்றரை மடங்கு போதும். 'ஸ்ட்ரென்த்' 30 அளவில் வைத்து, ஒரே இழுப்பாக இழுக்காமல் நாலைந்து சிறு தள்ளலாக நுனியை மேலே கொண்டுபோங்கள். ஒரே இழுப்பில் மயிர் பிசின்போல் நீளும். அப்படியும் கதவு கொஞ்சம் கோணினால் அதே கருவியில் 'இரேஸ் வார்ப்பிங்' எடுத்துக் கதவின்மேல் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டு நுனியும் ஒரே உயரத்துக்கு வர வேண்டாம். ஒன்று கொஞ்சம் அதிகமாக ஏறினால்தான் உயிர் வரும். கண், புருவம், வாய் எதையும் தொடாதீர்கள். முகம் கல்லாக நிற்க மீசை மட்டும் எழுவதில்தான் சிரிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் அசைத்தால் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது.

என்டர் தட்டுவதற்கு முன்பே கருவியின் அமைப்புகளில் ஃபிரேம் (அசைவின் ஒவ்வொரு நிலைப் படம்) எண்ணிக்கை 10 என்று வைத்து 'கிரியேட் அனிமேஷன்' அழுத்துங்கள். என்டர் தட்டிவிட்டால் திருத்தம் படத்தில் பதிந்துவிடும், இந்த வழி அடைபடும். புதிய படமொன்றில் பத்து லேயர்கள் வரும். அடியில் இருப்பதுதான் முதல் ஃபிரேம்.

இப்போது வெட்டி வெட்டி வரும் சங்கதி. பத்தாவது ஃபிரேமில் மேலே நிற்கும் மீசை அடுத்த நொடியே முதல் ஃபிரேமுக்குக் குதிக்கிறது. இறங்கி வருவதற்கு வழியே இல்லை. ஒன்பதிலிருந்து இரண்டு வரை லேயர்களை நகலெடுத்து, தலைகீழ் வரிசையில் மேலே அடுக்குங்கள். மொத்தம் 18. பிறகு அடியில் உள்ள முதல் லேயரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1500எம்எஸ் என்றும், பத்தாவதற்கு 500எம்எஸ் என்றும் ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி எழுதுங்கள். ஒன்றரை நொடி அசையாமல் நிற்பார், "சாதாரணப் படம்தானே" என்று சனம் நினைக்கும் நேரத்தில் மீசை எழும். அந்தக் காத்திருப்பைக் குறைத்துவிடாதீர்கள், வேடிக்கை முழுதும் அதில்தான். மற்றவற்றுக்கு 60 மில்லிவினாடி நல்லது. வேகம் வேண்டுமென்று 10 போட்டால் பல உலாவிகள் அதை 100-ஆக்கி இன்னும் மெதுவாக ஓட்டும்.

இதை ஜிஃப் என்ற அசையும் படக் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும்; அதில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். அதனால் கன்னத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஏற்றுமதிக்கு முன் இமேஜ் மெனுவில் 'இண்டெக்ஸ்டு' முறைக்கு மாற்றி, டிதரிங்கில் (புள்ளி தூவி நிறத்தைக் கலக்கும் முறை) 'பொசிஷன்ட்' தேர்ந்தெடுங்கள். அங்கேயே உள்ள ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறை அசையாப் படத்துக்கு அழகு. அசையும் படத்தில் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறி முகம் அரிப்பெடுத்ததுபோல் மினுங்கும். ஏற்றுமதியில் 'ஆஸ் அனிமேஷன்' குறியிட மறக்காதீர்கள்.

அப்பாயியை அசைக்க வேண்டாம். பெரியப்பா தம் மீசையைப் பார்த்துச் சிரிப்பார். தாயின் முகம் திடீரென்று திரையில் உதடு பிரித்தால் அவர் நெஞ்சு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. வெட்டிய படத்தில் அவர் வராமலே பார்த்துக்கொள்ளுங்கள். மீசைப் படத்தையும் முதலில் பெரியம்மாவிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால் மண்டபத்தில் போடலாம். முகம் சுளித்தால் அசைவைப் பாதியாக்குங்கள்.

ஜிஃப் பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ ஓடும்போது தானாக அசையும். முந்தின நாளே மண்டபத்துப் புரொஜெக்டரில் விளக்குகளைப் போட்டபடி ஓட்டிப் பாருங்கள். பழைய படங்கள் திரையில் வெளிறித் தெரியும். அப்படியானால் முதல் படத்திலேயே 'கர்வ்ஸ்' என்ற ஒளி திருத்தும் கருவியை வைத்துக் கருமையைக் கூட்டி, மீசையை மறுபடி தள்ளி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஓர் இரவு கையில் இருக்கட்டும்.