சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை மாத்திரை?

அப்பாவுக்குச் சர்க்கரையே இல்லை, ஆனால் இதயச் செயலிழப்புக்கு (இதயம் போதுமான அளவு ரத்தத்தை அனுப்ப முடியாத நிலை) டாபாகிளிஃப்ளோசின் எழுதியிருக்கிறார்கள், தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை, பயப்படாதீர்கள்.

சர்க்கரைக்காக வந்த மருந்துதான் அது. சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுத்து, கூடவே கொஞ்சம் உப்பையும் நீரையும் வெளியேற்றும். சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தபோது, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேருவது குறைந்ததைக் கவனித்தார்கள். சரி, சர்க்கரை இல்லாதவர்களுக்கு? 2019இல் வெளியான டாபா-ஹெச்எஃப் ஆய்வில் இதயம் பலவீனமான 4,744 பேர் இருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இல்லை. நிலைமை மோசமாவது அல்லது இதயநோயால் இறப்பது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21.2 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 16.3 சதவீதம். சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம் 2021இல் அதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் பற்றிய ஆய்வு வந்தது. இதயம் சுருங்குவது ஓரளவு நன்றாக இருந்தும் மூச்சு வாங்குபவர்களுக்கு அதுவரை உருப்படியான மருந்தே இல்லை. அவர்களுக்கும் இது உதவியது, முக்கியமாக ஆஸ்பத்திரி சேர்க்கையைக் குறைத்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2022இல் வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வு. புது மருந்தே கிடையாது. இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு, இருக்கும் மருந்துகளையே, வீடு திரும்பிய இரண்டே வாரத்தில், அடிக்கடி பரிசோதித்தபடி முழு அளவுக்கு ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் மரணமோ இதயச் செயலிழப்பால் மறுசேர்க்கையோ, வழக்கமான கவனிப்பில் 23.3 சதவீதம், இப்படிச் செய்தவர்களில் 15.2 சதவீதம். அதனால் அடுத்த செக்கப்பைத் தள்ளிப் போடாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை நிறுத்தலாமா என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.