அக்சஸ் பில்லில் ஜிஎஸ்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சோப்பு, ஷாம்பூ மொத்த வியாபாரம். பில் எல்லாம் எம்.எஸ். அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில்தான். பொருள் டேபிளில் வரியை 18-லிருந்து 5 ஆக்கியதும், பழைய பில்களும் 5 சதவீதத்தில் பிரிண்ட் ஆகின்றன. என்ன செய்வது?

பதில்: உங்கள் பில் ரிப்போர்ட், வரி விகிதத்தைப் பொருள் டேபிளில் இருந்தே எடுக்கிறது. வரி 5 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22-ல்தான், அதற்கு முன் போட்ட பில்லில் 18தான் நிற்க வேண்டும். பில்லின் ஒவ்வொரு வரிசையிலும் விலைக்கும் விகிதத்துக்கும் தனி ஃபீல்டு வையுங்கள். ஃபார்மில் பொருளைத் தேர்ந்தெடுத்ததும், காம்போ பாக்ஸின் (பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டி) ஆஃப்டர் அப்டேட் நிகழ்வில், அதாவது தேர்வு பதிவானதும் இயங்கும் இடத்தில், அன்றைய விகிதம் அங்கே எழுதப்படட்டும். அப்புறம் பொருள் டேபிளில் எதை மாற்றினாலும் பழைய பில் அசையாது. ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கலாமா என்று டேட்டாபேஸ் படித்தவர்கள் கேட்பார்கள். வைக்கலாம், ஒன்று இன்றைய விகிதம், மற்றது அன்று வசூலித்த விகிதம். பழைய பில்களுக்கு, பேக்அப் எடுத்துவிட்டு, தேதியையும் பொருளையும் பார்த்து அப்டேட் கொயரியில் (பல வரிசைகளை ஒரே முறையில் மாற்றும் கட்டளை) நிரப்புங்கள்.

கேள்வி: 45 ரூபாய்க்கு சிஜிஎஸ்டி (ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பாதி) 2.5 சதவீதம், அதாவது 1.125. எக்செல் 1.13 என்கிறது, அக்சஸ் 1.12 என்கிறது. எது சரி?

பதில்: அக்சஸின் ரவுண்ட் ஃபங்ஷன், சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். வங்கிக்காரர் முறை என்பார்கள். கடை பில்லுக்கு அது தலைவலி. விகிதத்தை 2.5 என்றே கரன்சி வகையில் வைத்து, இன்ட்([தொகை]*[விகிதம்]+0.5)/100 என்று எழுதுங்கள், 1.13 வரும். சரக்கு திரும்பி வந்ததை மைனஸ் தொகையாகப் பதிவு செய்பவர்களுக்கு இதே சூத்திரம் -1.13-க்குப் பதில் -1.12 தரும். அதனால் பிளஸ் தொகையில் கணக்கிட்டுவிட்டுக் கடைசியில் மைனஸ் போடுங்கள்.

இன்னொன்று, மொத்த வரியைத் தனியாக 5 சதவீதம் போட்டால் 2.25 வரும், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பாதி) இரண்டையும் கூட்டினால் 2.26. பில்லில் கூட்டுத்தொகையையே காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு பைசாவை ஆடிட்டர் கேட்பார்.

கேள்வி: கடலூரில் கடை. புதுச்சேரிக்கு அனுப்பும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) தானாக வர வேண்டும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. தமிழ்நாடு 33, புதுச்சேரி 34 என்பது சரிதான். ஆனால் பதிவு எண் இல்லாத உள்ளூர் வாடிக்கையாளருக்கு அந்த ஃபீல்டு காலியாக இருக்கும். '33 என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, மற்றதெல்லாம் ஐஜிஎஸ்டி' என்ற ஐஐஎஃப் (நிபந்தனை பார்க்கும் ஃபங்ஷன்) அவரையும் வெளிமாநிலத்தில் சேர்த்துவிடும். சரக்கு போய்ச்சேரும் மாநிலத்தின் குறியீட்டுக்குப் பில்லில் தனி ஃபீல்டு வைத்து, அதைக் கட்டாயமாக்குங்கள்.

கேள்வி: 18 சதவீத வரி உட்பட விலை 118 ரூபாய். வரியைப் பிரிப்பது எப்படி?

பதில்: விலை 118-ஐ 18-ஆல் பெருக்கி, 100-உம் 18-உம் சேர்ந்த 118-ஆல் வகுங்கள், வரி 18 ரூபாய். நேரடியாக 18 சதவீதம் போட்டால் 21.24 வரும், அது தப்பு.